ஸ்டீராய்டு குறைக்கும்போது மூட்டு வலி: டோஸைக் கூட்டுவதா, நின்று பார்ப்பதா, தாங்கிக்கொண்டு போவதா?

பல மாதங்களாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் அதைக் குறைக்க ஆரம்பித்ததும், எந்த நோய்க்காகச் சாப்பிட்டார்களோ அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மூட்டு வலி வருவதுண்டு. 10 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் 7.5-க்கு இறங்குவார். சில நாளில் விரல், மணிக்கட்டு, தோள், முழங்கால் என்று ஒவ்வொன்றாக வலிக்கும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இருக்காது, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இருக்காது. அடுத்த ரிவியூவுக்கு இன்னும் சில வாரங்கள் பாக்கி இருக்கும். அந்த இடைவெளியில்தான் வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பழைய டோஸுக்கே போய்விடு என்பார் ஒருவர். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கிக்கொண்டே இரு என்பார் இன்னொருவர். இந்தச் சனியனே வேண்டாம், மொத்தமாக நிறுத்திவிடு என்பார் மூன்றாமவர்.

பெரம்பூரில் இருக்கும் என் சித்திக்கு பெம்பிகஸ். தோலிலும் வாய்க்குள்ளும் கொப்புளம் கொப்புளமாக வரும் நோய். பிரெட்னிசோலோன், அதாவது கடையில் வைசோலோன், ஓம்னாகார்ட்டில் என்ற பெயர்களில் கிடைப்பது, அவருடைய உயிரைக் காப்பாற்றிய மருந்து என்று தயங்காமல் சொல்வேன். கொப்புளம் அடங்கிப் பல மாதம் கழித்து, டாக்டர் சொன்னபடி டோஸைக் குறைத்து வரும்போது இந்த வலி வந்தது. மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், ரிவியூ தேதி எல்லாம் என் பொறுப்பு என்பதால், எந்த வழி எதற்குச் சரி என்று டாக்டர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் ஒப்பிட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை, பழைய நோய் திரும்பவில்லை என்றால், வலி வந்த டோஸிலேயே இரண்டு முதல் நான்கு வாரம் நின்று பார்ப்பதும், அதன்பின் படியைச் சிறிதாக்கி இறங்குவதும்தான் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. கூட்டுவது இரண்டாவது வழி. தாங்கிக்கொண்டு அதே வேகத்தில் போவது கடைசி. மொத்தமாக நிறுத்துவது வழிகளில் ஒன்றே அல்ல. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பிரெட்னிசோலோன் கணக்கில் சொன்னால் அது ஏறக்குறைய 5 மி.கி.-க்குச் சமம். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் அதைவிட அதிகமாக வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால், மூளையிலிருந்து சுரப்பிக்குப் போகும் உத்தரவு குறைந்து, சுரப்பி சோம்பிவிடுகிறது. பல மாதம் எடுக்காமல் நிறுத்திவைத்த பைக் முதல் உதைக்கே கிளம்பாது அல்லவா, அதேபோல்தான். சிலருக்குச் சில வாரத்தில் சுரப்பி விழித்துக்கொள்ளும். சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி, வாந்தி, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூட்டு வலிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுரப்பி ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தாலும், சாப்பிடும் டோஸ் 5 மி.கி.-க்கு மேலேயே இருந்தாலும்கூட, உடம்பு பழகிப்போன அளவிலிருந்து இறங்கும்போது மூட்டும் தசையும் வலிக்கும். அசதி, பசியின்மை, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் மனசு கனப்பது எல்லாம் கூட வரும். இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் 1948-இல் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். 1950-இல் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தைக் குறைக்கும்போது வரும் வலியைப் பற்றி அதே மருத்துவமனையின் டாக்டர்கள் 1950-களிலேயே எழுதிவிட்டார்கள். அதனால் "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி உங்கள் கற்பனை" என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எல்லா வலியும் இந்த வலி அல்ல. எந்த வழி என்று பார்ப்பதற்கு முன் எந்த வலி என்று பார்க்க வேண்டும். நான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் வலி எது என்று தெரிந்துவிட்டால் வழி பாதி தீர்மானமாகிவிடும்.

டோஸ் குறைந்ததால் வரும் வலி, குறைத்த சில நாட்களுக்குள் ஆரம்பிக்கும். ஒரு மூட்டோடு நிற்காது; இரண்டு பக்கமும், பல இடங்களில், தசையும் சேர்ந்து வலிக்கும். வீக்கம் இருக்காது. அதே டோஸில் இருந்தால் நாளாக ஆகத் தணியும். சித்திக்கு வந்தது இப்படித்தான். காலையில் பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலை அழுத்த முடியவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். "ராத்திரி புரண்டு படுக்க முடியலடா, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். ஆனால் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தபோது வீக்கமும் இல்லை, சூடும் இல்லை. மோதிரம் எப்போதும்போல் கழன்று வந்தது. இந்த மோதிரச் சோதனை எளிது, தினமும் செய்யலாம்.

பழைய நோய் திரும்புவது வேறு மாதிரி. முடக்குவாதம், லூபஸ் மாதிரி மூட்டையே தாக்கும் நோய்க்காக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு இந்த இரண்டையும் பிரிப்பது கஷ்டம். வீக்கம், தொட்டால் சூடு, காலையில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம், நாளாக ஆக வலி ஏறிக்கொண்டே போவது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் கூடுவது எல்லாம் நோய் திரும்புகிறது என்ற பக்கம் சாய்கின்றன. கூடவே அந்த நோயின் சொந்த அடையாளம் தலைகாட்டும்: பெம்பிகஸ் என்றால் வாய்க்குள் புண், லூபஸ் என்றால் முகத்தில் தடிப்பு அல்லது சிறுநீரில் நுரை, குடல் அழற்சி என்றால் ரத்தம் கலந்த மலம்.

மூன்றாவது, எலும்பு. இதைத்தான் வீட்டில் இருப்பவர்கள் தவறவிடுகிறார்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு, முக்கியமாக ஆரம்பத்தில் கொடுத்த பெரிய டோஸ், தொடை எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து அந்த எலும்பைச் சாகடிக்கலாம். பெரிய டோஸ் முடிந்து பல மாதம் கழித்துக்கூட அது வெளியே தெரியலாம். வலி பெரும்பாலும் ஒரு பக்கத் தொடை இடுக்கில் இருக்கும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். சம்மணம் போட்டு உட்கார முடியாது, நடந்தால் கூடும், காலை உள்பக்கமாகத் திருப்பினால் உயிர் போகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். கொரோனாவுக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்களில் சிலருக்கு இது வந்தபோதுதான் நம் ஊரில் பலருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழியுண்டு. எலும்பு உள்வாங்கிவிட்டால் மூட்டு மாற்று அறுவைதான். ஒரு பக்க இடுப்பு வலியை "டோஸ் குறைத்ததால் வருகிறது" என்று வாரக்கணக்கில் தள்ளிப் போடக் கூடாது. அதேபோல் திடீரென்று முதுகில் ஒரே இடத்தில் குத்தும் வலி வந்தால், முதுகெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, கிருமி. ஒரே ஒரு மூட்டு வீங்கி, சிவந்து, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதோடு காய்ச்சலையும் மறைக்கும் என்பதால், லேசான காய்ச்சலைக்கூட லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டில் காசநோய் மூட்டுக்கும் வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அப்புறம் சென்னையில் மறக்கக் கூடாத ஒன்று, சிக்குன்குனியா. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு காய்ச்சலோடு வந்து, காய்ச்சல் போனபின்னும் மாதக்கணக்கில் கணுக்காலையும் மணிக்கட்டையும் பிடித்துக்கொள்ளும். டோஸ் குறைத்ததும் கொசுக் காலமும் ஒன்றாக வந்தால் பழி முழுக்க மாத்திரை மேல் விழும். தெருவில் யாருக்காவது காய்ச்சல் இருந்ததா என்று கேட்டுவிட்டு, அதற்கான ரத்தப் பரிசோதனையையும் டாக்டரிடம் கேளுங்கள்.

சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு. வைட்டமின் டி குறைவு, தைராய்டு குறைவு, கொலஸ்ட்ரால் மாத்திரையால் வரும் தசை வலி. இவை ஒரு ரத்தப் பரிசோதனையிலோ ஒரு கேள்வியிலோ தெரிந்துவிடும். இன்னொன்று ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டு சாப்பிடுபவர் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை எடுத்தால் தசைநார் வீங்கவும், அறுந்துபோகவும்கூட வாய்ப்பு கூடுகிறது. குதிகாலுக்கு மேல் வலி வந்தால் சமீபத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்று பாருங்கள்.

சரி, இவை எதுவும் இல்லை, டோஸ் குறைந்ததால்தான் வலி என்று வைத்துக்கொள்வோம். இனி வழிகள்.

டோஸைக் கூட்டினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வலி போய்விடும். அதுதான் அதன் பலம், அதுதான் அதன் சிக்கலும். ஸ்டீராய்டு ஏறக்குறைய எல்லா வலியையும் அடக்கும். அதனால் வலி போனதை வைத்து "பார்த்தாயா, நோய்தான் திரும்பியிருந்தது" என்று முடிவு கட்ட முடியாது. கூட்டியவர் மறுபடி குறைக்கும்போது அதே இடத்தில் அதே வலி வரும், மறுபடி கூட்டத் தோன்றும். இப்படி 10-க்கும் 7.5-க்கும் நடுவே வருடக்கணக்கில் ஏறி இறங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடங்களில் சுகர், பிரஷர், கண்புரை, எலும்புத் தேய்மானம் எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். நோய் திரும்பியதற்கு அடையாளம் இருந்தால் கூட்டுவது அவசியம். அதில் தயக்கமே கூடாது. நிற்கவே தலைசுற்றுகிறது, சாப்பிட முடியவில்லை, எடை இறங்குகிறது என்று சுரப்பி போதாமல் இருப்பதன் அறிகுறிகள் தெரிந்தாலும் கூட்டத்தான் வேண்டும். நோய் திரும்பாமல் வலிக்காக மட்டும் கூட்டுவதென்றால், கடைசியாக வலியில்லாமல் இருந்த படிக்கு மட்டும் போனால் போதும். ஆரம்பத்தில் சாப்பிட்ட பெரிய டோஸுக்கு ஓட வேண்டியதில்லை.

நின்று பார்ப்பது கேட்பதற்கு ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். உண்மையில் இந்த வழிதான் அதிகத் தகவல் தருகிறது. 7.5-இல் இரண்டு வாரம் நின்றபின் வலி தணிந்தால், அது டோஸ் குறைந்த வலிதான் என்று ஏறக்குறைய உறுதியாகிவிடும். ஏறிக்கொண்டே போனால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த ரிவியூவில் டாக்டரிடம் சொல்ல நம் கையில் விஷயம் இருக்கும். சித்தி வீட்டுச் சமையலறையில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய டோஸ், வலிக்குப் பத்துக்கு எத்தனை, காலை இறுக்கம் எவ்வளவு நேரம் என்று மூன்று விஷயம் எழுதிவைக்கிறார். அந்தத் தாளைக் கழற்றி டாக்டர் மேசையில் வைத்தபோது, வாயால் பத்து நிமிடம் சொல்லியும் புரியவைக்க முடியாதது அவருக்கு ஒரு பார்வையில் புரிந்தது.

இந்த வழியில் நஷ்டமும் இருக்கிறது. அந்த இரண்டு வாரமும் வலி நிஜம். வேலைக்குப் போகிறவர், மாநகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டியவர், கைக்குழந்தையைத் தூக்க வேண்டியவர் இதைத் தாங்க முடியாமல் போகலாம். அவர்கள் கூட்டும் பக்கம் சாய்ந்தால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரைக் கேட்டு ஒரு படி ஏறி, அங்கிருந்து இன்னும் மெதுவாக இறங்கலாம்.

மெதுவாக இறங்குவது என்றால் என்ன என்பதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கடைகளில் சுலபமாகக் கிடைப்பவை 20, 10, 5, 2.5 மி.கி. மாத்திரைகள். அதனால் பலருக்கும் ஒரே அளவாக 2.5, 2.5 ஆகக் குறைக்கும் திட்டம் அமைந்துவிடுகிறது. 20-லிருந்து 17.5-க்கு வருவது எட்டில் ஒரு பங்கு குறைப்பு. 10-லிருந்து 7.5-க்கு வருவது நான்கில் ஒரு பங்கு. 5-லிருந்து 2.5-க்கு வருவது சரிபாதி! சீட்டில் பார்த்தால் ஒரே படி. உடம்புக்கு அது மூன்று வேறு உயரங்கள். மேலே இருக்கும்போது சுகமாக இறங்கியவர் கீழே வந்ததும் தவிப்பது இதனால்தான். 10-க்குக் கீழே மாதத்துக்கு 1 மி.கி. என்ற வேகத்தில் குறைப்பது பல நோய்களில் வழக்கம். 1 மி.கி. மாத்திரை நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்காது என்பதால், ஒருநாள் 10, மறுநாள் 7.5 என்று மாற்றி மாற்றிச் சில வாரம் கொடுப்பார்கள், சராசரியாக 8.75 ஆகிவிடும். இல்லையென்றால் 2.5 மாத்திரையைப் பாதியாக வெட்டிச் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இவை எல்லாம் டாக்டர் எழுதித்தரக்கூடியவை, ஆனால் கேட்டால்தான் எழுதித்தருவார்கள். கூட்டம் நிரம்பிய ஓ.பி.-யில், "சார், 7.5-லேர்ந்து அஞ்சுக்கு ஒரேயடியா வேண்டாம், நடுவுல ஒரு படி வச்சுக் குடுங்க" என்ற ஒரே வாக்கியம் போதும்.

மாத்திரைப் பெயர் மாறும்போது கணக்கும் மாறும் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரெட்னிசோலோன் 5 மி.கி.-க்குச் சமமானது மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி.; டிஃப்ளாசகார்ட் என்றால் 6 மி.கி. மருந்துக் கடையில் ஸ்டாக் இல்லையென்று வேறு பெயரில் கொடுத்தால், மி.கி. எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. டோஸ் தெரியாமல் இறங்கியிருந்தால் வலிக்கு அதுவே காரணமாக இருக்கும்.

இனி, வலி மாத்திரை போட்டுக்கொண்டு அதே வேகத்தில் இறங்குவது. சுகர் கட்டுக்கடங்காமல் போய்விட்டது, கண் அழுத்தம் ஏறிவிட்டது, கிருமித் தொற்று வந்துவிட்டது என்று சீக்கிரம் இறங்கியே ஆக வேண்டிய நிலை சிலருக்கு உண்டு. அவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் இது சரி. மற்றவர்களுக்கு எனக்கு இதில் சம்மதம் இல்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றுப் புண், ரத்தக்கசிவு ஆபத்து பல மடங்கு ஏறும். சிறுநீரகப் பாதிப்புக்காக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு இந்த வகை மாத்திரை நேரடியாகவே கெடுதல். மழைக்காலத்தில் காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை இதைத் தொடவே கூடாது. பாரசிட்டமால் பாதுகாப்பானது, டோலோ 650 நாளைக்கு மூன்று வேளை என்பது பெரியவர்களுக்குள்ள உச்ச வரம்புக்குள் வரும். ஈரல் நோய் இருந்தால் அதையும் கேட்டுத்தான் போட வேண்டும். மற்ற வலி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட எனக்கு அதிகப் பயம் தருவது, மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டு வாங்குவது. சின்னக் காகிதக் கவரில் நான்கைந்து மாத்திரையை வெட்டிப் போட்டுத் தருவார்கள். அதில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டே இருக்கக்கூடும். அளவில் கடுகாக இருந்தாலும் வீரியம் அதிகம். டெக்ஸாமெத்தசோன் முக்கால் மி.கி. ஏறக்குறைய பிரெட்னிசோலோன் 5 மி.கி.-க்குச் சமம். வாரக்கணக்கில் பொறுத்துக் குறைத்ததை அந்தக் கவர் தெரியாமலே ஏற்றிவிடும். தெருமுனை கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளும்போதும், மூட்டுக்குள் ஊசி போடும்போதும், இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

வேறு மருந்து சேர்ப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது முழுக்க டாக்டரின் முடிவு. மெத்தோட்ரெக்சேட், அசதியோபிரின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போன்றவை பழைய நோயை அடக்கி, ஸ்டீராய்டைக் குறைக்க இடம் கொடுக்கின்றன. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் நோய் திரும்புகிறவருக்கு, கூட்டுவதைவிட இதுவே நல்ல வழி. டோஸ் குறைந்ததால் மட்டும் வரும் வலிக்கு இதனால் பயனில்லை. வேலை செய்யவே பல வாரங்கள் எடுக்கும் மருந்துகள் இவை. ரத்த அணுக்கள், ஈரல், கண் என்று மருந்துக்குத் தகுந்த பரிசோதனைகள் தொடர வேண்டும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. தெரியாமல் தினமும் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவைத்துவிடுங்கள்.

சித்த வைத்தியம். வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். நொச்சி இலை போட்ட வெந்நீர் ஒத்தடம், காலை வெயிலில் மெதுவான நடை, விரல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மடக்கி நீட்டுவது எல்லாம் நின்று பார்க்கும் வாரங்களைக் கடக்க நிஜமாகவே உதவும். தோலில் புண் இருப்பவர்கள் மட்டும் எண்ணெய் தேய்ப்பதையும் சூட்டையும் தவிர்க்க வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடுவதென்றால் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமோ, அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையோ போய், என்ன ஸ்டீராய்டு எவ்வளவு டோஸ் என்பதைக் காட்டிக் கேளுங்கள். லேபிள் இல்லாமல் விற்கும் மூட்டு வலிப் பொடிகள் பக்கம் போகவே வேண்டாம். மூலிகை என்று விற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பரிசோதனையில் வெளிவந்திருக்கிறது. இன்னொன்று, நாம் சாதாரணமாக நினைக்கும் அதிமதுரம். அது உடம்பில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கும். ஸ்டீராய்டோடு தினமும் சேர்ந்தால் பிரஷர் ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். தொண்டைக்கு நல்லது என்று கஷாயத்தில் போடுகிறவர்கள் கவனியுங்கள்.

எந்த டாக்டரிடம் போவது என்பதும் ஒரு தேர்வுதான். மூட்டு வலி என்றதும் நம் கால் எலும்பு டாக்டரிடம் போகும். தொடை இடுக்கு வலி, முதுகுக் குத்தல் என்றால் அது சரிதான். பல மூட்டு வலி, வீக்கமில்லாத வலி, நோய் திரும்பியதா என்ற சந்தேகம் என்றால் ருமட்டாலஜி, அதாவது மூட்டு வாத நோய் டாக்டர். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ருமட்டாலஜித் துறையே தனியாக இருக்கிறது. அசதி, தலைசுற்றல், 5 மி.கி.-க்குக் கீழே இறங்கவே முடியவில்லை என்றால் ஹார்மோன் டாக்டர். யாரைப் பார்த்தாலும், ஸ்டீராய்டை முதலில் எழுதிக்கொடுத்த டாக்டருக்குத் தெரியாமல் டோஸ் மாறக் கூடாது. இரண்டு சீட்டில் இரண்டு டோஸ் இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது நோயாளிதான்.

5 மி.கி.-க்கு வந்தபின் ஒரு பரிசோதனை முடிவை மிகவும் எளிதாக்குகிறது: காலை கார்ட்டிசால். முந்தைய நாள் மாத்திரை சாப்பிட்டு 24 மணி நேரம் ஆனபின், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன், காலை 8 முதல் 9 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்த உடனே அங்கேயே மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் மாத்திரையும் இட்லி டப்பாவும் கையோடு எடுத்துப் போங்கள். 2024-இல் ஐரோப்பிய, அமெரிக்க ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அளவு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது, நிறுத்தலாம். 5-க்குக் கீழே என்றால் அதே டோஸில் இருந்து சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் அதே டோஸில் தொடர்ந்து சில வாரத்திலோ மாதத்திலோ மறுபடி பார்ப்பார்கள். 10 மி.கி.-லேயே இருக்கும்போது இதை எடுப்பதில் பெரிய பயன் இல்லை, பணம்தான் வீண்.

குறைத்துக்கொண்டிருக்கும் காலத்தில் காய்ச்சலோ, விபத்தோ, அறுவை சிகிச்சையோ, பல் பிடுங்குவதோ வந்தால் உடம்புக்கு வழக்கத்தைவிட அதிக ஸ்டீராய்டு தேவைப்படும். அப்போது எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, "நான் ஸ்டீராய்டு சாப்பிடுபவர், திடீரென்று நிறுத்தக் கூடாது" என்று ஒரு சீட்டோடு பர்ஸில் வையுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் 108-ஐ அழைத்து, வருபவர்களிடம் முதல் வார்த்தையாக ஸ்டீராய்டு என்று சொல்லுங்கள். அங்கே தேவைப்படுவது ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி.

சித்தி இப்போது 7.5-இல் நிற்கிறார். காலண்டரில் வலி எண் இறங்கி வருகிறது, வாய்க்குள் புண் இல்லை. அடுத்த ரிவியூவுக்கு இரண்டு கேள்விகள் எழுதிவைத்திருக்கிறோம்: 7.5-க்கும் 5-க்கும் நடுவே ஒருநாள் விட்டு ஒருநாள் முறையில் ஒரு படி வைக்க முடியுமா? எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்போது எடுக்கலாம்?